ஆறு வாரத்துக்கு மேல் கூடாது

“அக்காவ எப்பப்பா கூட்டிட்டு வரப் போறீங்க?”

கேட்கவே கூடாது என்று சொல்லி வைத்திருந்த கேள்வி அது. லாரியின் பின்கதவைத் திறந்து முதல் தொட்டியை இறக்கி, அதன் பாரம் இடுப்பில் இருக்கும்போதே சின்னவள் கேட்டுவிட்டாள். லாரிக்கு மேலே நின்ற அப்பாவின் கை, அடுத்த தொட்டியை நீட்டியபடியே நின்றது. டிரைவர் டயரைப் பார்க்கப் போனார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

“பிடி,” என்றார் அப்பா.

“கேட்டேன்ப்பா.”

“காதுல விழுந்துச்சு. தொட்டியப் பிடி, வேர் ஆடுது.”

அவள் பிடித்தாள். செடி என்ன பாவம் செய்தது?

அந்த வீட்டுக்குப் பிழைப்பு, செடியை வாடகைக்கு விடுவது. அலுவலகம், பல் மருத்துவர் அறை, கண்ணாடிக் கட்டடம் என்று அனுப்பி, திரும்ப வாங்கிக்கொள்வார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கண்ணுக்குப் பச்சை வேண்டும். அந்தப் பச்சைக்கு வேண்டிய வெளிச்சம் உள்ளே கிடையாது. அதனால் ஒரு செடி ஆறு வாரம் உள்ளே இருந்தால், அடுத்த ஆறு வாரம் இவர்கள் முற்றத்தில் இருக்கும். வந்தவுடன் வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். முதலில் இரண்டு நிழல்வலைக்குக் கீழே, பத்து நாள் கழித்து ஒரு வலைக்குக் கீழே, அப்புறம் காலை வெயிலில். உள்ளே இருந்தபோது வந்த இலைகளில் பாதி கொட்டும். கொட்டட்டும் என்று விடுவார்கள். வெயிலுக்கென்று வேறு இலை தடிப்பாக வரும்.

ஆறு வாரத்துக்கு மேல் கூடாது என்பது அப்பாவின் சட்டம். பல் மருத்துவர் ஒருமுறை, யாரோ பெரிய மனிதர் வருகிறார், குட்டைப் பனை இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும் என்றார். “அது பட்டினி கெடக்கு சார், உங்களுக்குத் தெரியாது,” என்று சொல்லி, அப்பா அதை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். செடிக்கு அவ்வளவு நியாயம் தெரிந்த மனிதர்.

பெரியவள் போய் நாலு வருஷம்.

லாரியில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில் பதினாலு மாடிக் கட்டடம். ஜன்னல் திறக்காது. முந்நூறு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற, இலை துடைக்க, அங்கேயே தங்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஆறு மாசம், அதற்குள் யாரையாவது பார்த்துவிடலாம் என்று அப்பா பெரியவளைக் கொண்டுபோய் விட்டார். ஆறு மாசம் கழித்து, சின்னவள் படிப்பை முடிக்கட்டும், அப்புறம் பெரியவள் வந்து படிப்பாள் என்றார். பள்ளிக்கூடத்தில் சின்னவளைவிட நன்றாகப் படித்தவள் பெரியவள். சின்னவள் தாவரவியல் படித்து முடித்தாள். அந்த வீட்டில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள். முடித்தும் ஒரு வருஷம் போய்விட்டது. இடையில் பெரியவள் ஒரே ஒரு தடவை மூன்று நாள் வந்து போனாள்.

“அந்தப் பேச்ச இனிமே யாரும் எடுக்கக் கூடாது,” என்று அப்பா சொன்னார்.

“கேக்காதடி, அவரு ஒடஞ்சு போயிருவாரு,” என்று அம்மா சொன்னாள். உடையக்கூடியவர்களை உடையாமல் பார்த்துக்கொள்வது அந்த வீட்டுப் பெண்களின் இன்னொரு வேலை. அதற்கு ஓய்வே கிடையாது.

பெரியவள் வரவில்லையே தவிர, அவள் கை வந்துகொண்டுதான் இருந்தது. காய்ந்த இலை நுனியை நேராக வெட்ட மாட்டாள். இலையின் வடிவத்திலேயே கூராக வெட்டுவாள். ஒவ்வொரு தொட்டி விளிம்பிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இருக்கும். கண்ணாடிப் பக்கமே செடி சாய்ந்துவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பி வைப்பாள், அதற்கு அடையாளம். லாரி வந்த அன்று அம்மா தொட்டிகளைக் கழுவும்போது அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டுக் கழுவுவாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் பெரியவள் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி என்பதெல்லாம் முடிந்ததும், “வெயில் இப்ப எங்க நிக்குது?” என்பாள். “தண்ணித் தொட்டிகிட்ட,” என்பாள் அம்மா. அல்லது, “துணிக்கொடிய தாண்டிருச்சு.” அவ்வளவுதான். எந்த வரிசையை எப்போது நகர்த்துவது என்று அங்கிருந்தே யோசிக்கிறாள், எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

*

இந்த முறை இறங்கிய செடிகள் சரியில்லை. மூன்று வாரம் மூடிக் கிடந்த வானம் அன்றுதான் திறந்து, முற்றத்தில் நல்ல வெயில் அடித்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தபோது எல்லாமே நோயாளிக் கூட்டம். ரப்பர் செடிகளின் கீழ் இலைகள் மஞ்சள். பனைகளின் நுனியெல்லாம் தீயில் காட்டியது போல் பழுப்பு. தொட்டி மண்ணுக்கு மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சின்னவள் அதை நகத்தால் சுரண்டினாள்.

“என்னப்பா ஊத்தச் சொன்னீங்க?”

“உரத் தண்ணி. கண்ணாடிக்கு ஏதோ கறுப்புத் தாள் ஒட்டிட்டாங்களாம், சூடு வருதுன்னு. அதுலேர்ந்து இலை மஞ்சளாகுதுன்னு போன்ல சொன்னா. ரெண்டு மடங்கா ஊத்துன்னேன்.”

“வெளிச்சத்த மறைச்சுட்டாங்க. நீங்க உரத்த ஏத்துனீங்க.”

“பசிச்சா சோறு போடாம பாட்டா பாடுவாங்க?”

“உரம் சோறு இல்லப்பா. எத்தன வாட்டி சொல்றது? அது உப்பு. செடி தன் சோத்தத் தானே ஆக்கிக்குது. காத்தையும் தண்ணியையும் எடுத்துக்கிட்டு வெளிச்சத்துல இலைக்குள்ளயே ஆக்குது. வேர் வழியா வர்றதெல்லாம் உப்பு புளி மாதிரி, கொஞ்சம்தான் வேணும். அடுப்பே எரியலன்னு வைங்க, உப்ப ரெண்டு மடங்கா கொட்டினா பசி ஆறுமா? வேர்தான் வெந்து போகும். வெந்துருச்சு, பாருங்க.”

“காத்தக் குடிச்சு இவ்ளோ பெரிய மரம் வந்துருச்சாக்கும்?” அப்பா லாரியிலிருந்து இறங்கினார். “ஏன் டிரைவரே, நீயும் நாளைலேர்ந்து காத்தக் குடிச்சே வண்டி ஓட்டேன். வீட்டுல மிச்சம்.”

“என் வீட்டுல இப்பவே அப்படித்தாண்ணே,” என்றார் டிரைவர்.

“ஆமாப்பா, காத்துதான்,” என்றாள் சின்னவள். “மரத்தோட எடையில மண்ணு ரொம்பக் கொஞ்சம். நாலு வருஷமா தொட்டியில மண்ணு கொறைஞ்சிருக்கா? செடி மட்டும் ஆளுயரம் வளந்துருக்கே, எங்கேர்ந்து வந்துச்சு?”

அப்பா குனிந்து ஒரு தொட்டியைப் பார்த்தார். தொட்டியில் மண் குறையவில்லை என்பது அவருக்கும் தெரியும். முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறார், யோசித்ததில்லை.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது,” என்றார் கடைசியில். எப்போதும் கடைசியில் அதைத்தான் சொல்வார்.

“அந்தச் சுரைக்காய்க்குத்தான அக்காவ அங்கேயே விட்டு வச்சீங்க?”

“ஏய்,” என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “வெயில் ஏறுது. பேசிக்கிட்டே நின்னா தொட்டிங்க தானா நடந்து நிழலுக்குப் போகுமா?”

உப்பைக் கழுவ வேண்டியிருந்தது. தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, மேலே இருக்கிற வெள்ளை மண்ணை வழித்துப் போட்டுவிட்டு, கீழ்த் துளை வழியாகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னவளும் அம்மாவும் மதியம்வரை ஊற்றினார்கள். அப்பா குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய் அதையே செய்தார். தப்பு என்று வாயால் சொல்லமாட்டார், கை ஒப்புக்கொள்ளும்.

*

கடைசியாக, டிரைவர் தன் இருக்கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குளியல் குவளையை எடுத்து வந்தார். நீல பிளாஸ்டிக், காது உடைந்தது. அடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டிருந்தது. அதில் ஒரு ரப்பர் செடி.

“இது பட்டியல்ல இல்ல பாப்பா. உங்கக்கா தனியா குடுத்துவிட்டுச்சு. ஒடிஞ்ச கிளைய நட்டு அது ரூம்லயே வச்சு வளத்துச்சாம். வாடுற மாதிரி இருக்காம், வெயில்ல கொஞ்ச நாள் வச்சுக் குடுங்கன்னுச்சு. வழியெல்லாம் மடியில வச்சுக்காத கொறைதான்.”

சின்னவள் குவளையை வாங்கினாள். செடி முழங்கை நீளம் இருந்தது. தண்டு பென்சில் தடிமன்கூட இல்லை. வெளுத்து, நூல் போல ஓடியிருந்தது. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. கீழே இருந்த பழைய இலை உள்ளங்கை அகலம். மேலே வந்தவை கட்டைவிரல் அளவு, பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல்.

குவளையின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தாள். கோடு இல்லை.

மறுபடியும் சுற்றினாள். முந்நூறு தொட்டிக்கும் கோடு போடுகிறவள், தன் அறையில் தான் வளர்த்த செடிக்கு ஏன் போடவில்லை? ஜன்னல் இருக்கிற அறையில் செடி அந்தப் பக்கம் சாயும். சாய்வதைத் தடுக்கத் திருப்பி வைக்க வேண்டும். இது எந்தப் பக்கமும் சாயவில்லை. நேரே மேலே, கூரையில் தொங்கும் ஒரு விளக்கைப் பார்த்துப் போயிருக்கிறது.

“ரூம்ல பெரிய ஜன்னல் இருக்குடி. ஒரு மரம் தெரியுது, அதுல ஏதோ குருவி கூடு கட்டுது.” நாலு வருஷமாகச் சொன்னது. அந்தக் குருவி குஞ்சு பொரித்தது, குஞ்சு பறந்தது, அடுத்த வருஷம் திரும்பி வந்தது எல்லாம் சொன்னாள். அம்மா அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

சின்னவள் குவளையை அடுப்படிக்குக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைத்தாள்.

“அக்கா ரூம்ல ஜன்னலே இல்லம்மா.”

அம்மா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டைக் கழுவி முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“அம்மா.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“கீழ்த்தளம். பம்ப் ரூமுக்குப் பக்கத்துல. விட்டுட்டு வந்த அன்னிக்கே உங்கப்பா சொல்லி அழுதாரு.”

“அப்ப குருவி?”

“அவ சொல்லுவா, நான் கேட்டுக்குவேன். அவளுக்கு அதச் சொல்லணும். எனக்கு அதக் கேக்கணும்.” அம்மா தண்ணீரை நிறுத்தினாள். “நீ எதுக்குடி இதெல்லாம் படிச்ச?”

*

போனை எடுத்ததும் பெரியவள், “என்னடி இலை டாக்டர், இன்னிக்கு சனிக்கிழமை இல்லையே,” என்றாள். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். அந்தச் சத்தம் எப்போதும் கேட்கிறதுதான். இதுவரை அதை மின்விசிறி என்று நினைத்திருந்தாள் சின்னவள்.

“செடி வந்துருச்சுக்கா.”

“நம்ம குட்டியா? எவ்ளோ ஒசரம் வளந்துருக்கு பாத்தியா! நானே கிளைய நட்டு நானே வளத்தது. நீதான் பெரிய இவளா?”

“அது வளர்றது இல்லக்கா. வெளிச்சம் எங்க இருக்குன்னு தேடிட்டே போறது. இருக்கறத எல்லாம் செலவு பண்ணி நீளுது. ஆக்குறதுக்கு வழியில்ல.”

மறுமுனையில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

“கோடு போடல,” என்றாள் சின்னவள்.

“ச்சே,” என்றாள் பெரியவள். சிரிக்கப் பார்த்தாள். “அத யோசிக்கல பாரு. சும்மா ஒரு கோடு போட்டு அனுப்பியிருக்கலாம்.”

“அக்கா.”

“இங்க ஒண்ணும் கொறை இல்லடி. மேல மாடிக்குப் போனா கண்ணாடி வழியா எல்லாம் தெரியும். வேலை நேரத்துல பாக்குறேன்ல. சாகமாட்டேன்.”

“சாகமாட்டதான். செடிக்கும் அப்படி ஒரு எடம் இருக்குக்கா. உண்டாக்குறதும் செலவாகுறதும் சரியா போயிரும். சாகாது. ஒரு இலை வந்தா ஒரு இலை விழும். அப்படியே நிக்கும்.”

“எத்தன நாளு நிக்கும்?” அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சின்னவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, வழக்கம்போல. “உனக்கு இங்க வரணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு. அப்பா ஒடைவாரு, அம்மா அழுவா, அதெல்லாம் நான் கேக்கல.”

பெரியவள் மெதுவாகக் கேட்டாள்.

“வெயில் இப்ப எங்க நிக்குது?”

சின்னவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். வெயில் முற்றத்தைத் தாண்டி, படி ஏறி, அவள் கால்மேலேயே கிடந்தது. “வீட்டுக்குள்ள வந்துருச்சுக்கா,” என்றாள். மறுமுனையில் பெரியவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு வைத்துவிட்டாள்.

*

மறுநாள் காலை, ஓய்வு முடித்த செடிகளை ஏற்றினார்கள். தடித்த இலை, மினுமினுப்பு, தொட்டால் விறைப்பாக நின்றன. ஏற்றும்போது அப்பா ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுப்பார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைத் தட்டுவது போல. சின்னவள் கடைசித் தொட்டியை ஏற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் பையோடு வந்தாள்.

“எங்க?” என்றார் அப்பா.

“கட்டடத்துக்கு. இதே லாரில அக்கா திரும்பி வருவா. டிரைவர் அண்ணன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்.”

அப்பா டிரைவரைப் பார்த்தார். டிரைவருக்கு மறுபடியும் டயரில் ஏதோ வேலை வந்துவிட்டது.

“நீ போய் என்ன பண்ணுவ?”

“ஆறு வாரம் இருப்பேன். மொதல்ல கண்ணாடில ஒட்டுன கறுப்புத் தாளக் கிழிக்கச் சொல்வேன். ஆறு வாரம் முடிஞ்சதும் நீங்க வாங்க.”

“நானா?”

“ஏன், ஆறு வாரத்துக்கு மேல கூடாதுன்னு சொன்னவரு நீங்கதான?”

“அது செடிக்கும்மா.”

“தெரியும்ப்பா. அதான் கேக்குறேன்.”

அப்பா லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டார். “மேனேஜர் ஒத்துக்கமாட்டான். பெரியவ கை பழகுன கை. அவள நம்பித்தான் குடுத்துருக்கான்.”

“செடிய மாத்தும்போது ஒத்துக்குறார்ல? ஒரே மாதிரி பச்சையா இருந்தா போதும் அவங்களுக்கு. வித்தியாசம் தெரியாது.”

“போன தடவ வந்தப்ப பாத்தேல்ல? மூணு நாளும் தலைவலின்னு சுருண்டு படுத்துக் கெடந்தா. வெளிய வரவே இல்ல. பழகிட்டா அவ. இனிமே வெயில் ஒத்துக்குமா? எனக்குப் பயமா இருக்கு.”

“ரெண்டு வலை, ஒரு வலை, அப்புறம் காலை வெயில். இத நான் காலேஜுல படிக்கல. நீங்க சொல்லித்தான் தெரியும்.”

அப்பாவுக்கு முகம் என்னவோ ஆயிற்று. “மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்,” என்று முணுமுணுத்தார். துக்கம் தாங்காதபோது மனிதர்கள் வாயில் கிடைப்பதைச் சொல்வார்கள்.

“மரம் வச்சவரு நீங்கதாம்ப்பா,” என்றாள் சின்னவள். “வேற யாரும் வரமாட்டாங்க.”

அம்மா அதுவரை தொட்டி கழுவுகிற இடத்திலேயே குந்தியிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அவருக்கப்புறம் நான்,” என்றாள்.

“நீ எப்படிடி?” என்று அப்பா திரும்பினார். “பதினாலு மாடி. ஒனக்கு என்ன தெரியும் அங்க?”

“தண்ணி ஊத்தத் தெரியும். தொடைக்கத் தெரியும். உங்க கூட இருந்ததுல வேற என்ன கத்துக்கிட்டேன்?” அம்மாவின் குரல் ஏறவில்லை. “நாலு வருஷம் முன்னாடியே போயிருக்கணும். குருவிக் கத கேட்டுக்கிட்டு உக்காந்துருந்தேன்.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். செடிகள் எல்லாம் ஒருமுறை நடுங்கி நின்றன. சின்னவள் பையைத் தோளில் மாட்டினாள். அப்பாவிடம் விடைபெற வேண்டுமா என்று ஒரு நொடி யோசித்து, வேண்டாம் என்று வெளிக்கதவைத் தாண்டினாள்.

“ஏம்மா,” என்று பின்னாலிருந்து அப்பா கூப்பிட்டார். “அந்த ரூம்ல... கதவுப் பக்கம் தல வச்சுப் படு. அந்தப் பக்கச் சுவர்ல பம்ப் ஓடும். தூங்கமுடியாது.”

ஓர் இரவு அங்கே படுத்திருக்கிறார். படுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரியவளை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“ஞாபகம் வச்சுக்கங்கப்பா, ஆறு வாரத்துல உங்களுக்கே வேணும்,” என்று சொல்லிவிட்டு அவள் லாரியைப் பார்த்து நடந்தாள்.